காலகேயரின் மொழியும் நம் மலைகளின் மொழியும்

இலக்கண வகுப்பில் குழூஉக்குறி என்ற பகுதியை மாணவர்கள் படித்திருப்பார்கள். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு ஒரு சொல்லை வழங்குவதே குழூஉக்குறி. கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டால் கையை மூடி, விரல்களைப் பிடித்தே விலை பேசுவார்கள். சிறுவர்கள் ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ஒரு ‘க’ சேர்த்துப் பேசிப் பெரியவர்களைத் திகைக்க வைப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இவை யாவும் இருக்கின்ற மொழிக்குள் நடக்கும் மறைவு வேலைகள். இல்லாத ஒரு மக்களுக்கு, இல்லாத ஒரு மொழியை, ஒலி, சொல், இலக்கணம், எழுத்து என்று அடியிலிருந்து புதிதாகக் கட்டித் தருவது வேறொரு வேலை. திரைப்படங்களுக்காகவும் கணிப்பொறி விளையாட்டுகளுக்காகவும் இன்று அது ஒரு தொழிலாகவே நடைபெறுகிறது.

இந்தியாவில் இவ்வகையில் பெரிதும் பேசப்பட்டது ‘கிளிக்கி’. 2015 ஜூலையில் வெளிவந்த ‘பாகுபலி’ படத்தில் மகிழ்மதியின் மீது படையெடுத்து வரும் காலகேயர் என்ற கூட்டத்தாருக்காக மதன் கார்க்கி உருவாக்கிய மொழி அது. கதை அறிவியல் புனைவு அன்று, அரசர் கதை. ஆயினும் வேற்றுக் கோளிலிருந்து வரும் படைக்கு மொழி அமைப்பவர் எந்தச் சிக்கல்களைச் சந்திப்பாரோ, அதே சிக்கல்களைத்தான் இவரும் சந்தித்தார். பின்னர் 2017-இல் அப்படத்தின் பெயரால் கைப்பேசி விளையாட்டு ஒன்றும் வந்தது. எனவே கிளிக்கியை எடுத்துக்கொண்டு, இத்தகைய மொழியொன்று எப்படி எடைபோடப்பட வேண்டும் என்று ஆராய்வது பொருத்தமாகும்.

வேடம் போட்ட ஆங்கிலம்

முதலில் ஒரு போலியை விலக்கிவிடுவோம். பல விளையாட்டுகளில் வேற்றுலகத்தாரின் சுவர்களில் விந்தையான எழுத்துகள் காணப்படும். அவற்றைப் பிரதி எடுத்து எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் 26 வடிவங்களே தேறும். அந்த எண்ணே குட்டை உடைத்துவிடும். ஆங்கில நெடுங்கணக்கின் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக ஒரு புதுக்குறி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1990-களின் தொடக்கத்தில் வந்த ‘கமாண்டர் கீன்’ விளையாட்டுகளில் டாம் ஹால் அமைத்த எழுத்து இவ்வகையைச் சேர்ந்தது. அதே எழுத்துதான் பிற்காலத்தில் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டின் மந்திர மேசையிலும் இடம்பெற்றது. இது மறைகுறியே ஒழிய மொழி அன்று. எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று கணக்கெடுத்தால் பள்ளி மாணவனே ஒரு மாலைப் பொழுதில் உடைத்துவிடலாம். வேடிக்கைக்கு இது போதும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மொழி படைத்தோம் என்று அதைச் சொல்லிக்கொள்ள இயலாது.

இதற்கு மாறாக, 1997-இல் வந்த ‘ரிவென்’ விளையாட்டைப் பாருங்கள். அதில் டினி என்ற மக்களின் எண்முறை 25-ஐ அடியாகக் கொண்டது. 1, 2, 3, 4 ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. ஒன்றின் குறியைக் கால் வட்டம் திருப்பினால் 5. இரண்டின் குறியைத் திருப்பினால் 10. ஏழு எழுத வேண்டுமானால் திருப்பிய ஒன்றின் மேல் இரண்டைப் பொருத்த வேண்டும். இவ்வளவையும் ஆடுபவருக்கு யாரும் வாயால் சொல்லித் தருவதில்லை. ஒரு சிறு பள்ளி அறையில் கிடக்கும் குழந்தைப் பொம்மையை இயக்கி, அது எத்தனை படி இறங்குகிறது என்று எண்ணி, அவரே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் எப்படி எண் கற்றார்களோ அப்படியே ஆடுபவரும் கற்கிறார். எழுத்தும் எண்ணும் கதைக்குள் உயிரோடு இயங்குவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு விந்தை?

அடுத்து ஒலிக்கு வருவோம். ‘ஸ்டார் டிரெக்’ படங்களில் வரும் கிளிங்கான் என்ற போர்க்குணம் கொண்ட இனத்தாருக்கு மார்க் ஓக்ரன்ட் என்ற மொழியியலார் 1984-இல் மொழி அமைத்தார். மறு ஆண்டு அதன் அகராதி வெளிவந்தது. கலிபோர்னியாவின் பழங்குடி மொழியொன்றை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். மனித மொழிகளில் அரிதாக உள்ள கூறுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அமெரிக்கச் செவிக்கு விந்தையாக ஒலிக்க வேண்டுமென்று அவர் சேர்த்த ஒலிகளில் ஒன்று, நுனிநாக்கை மேலே வளைத்து அண்ணத்தைத் தொட்டு ஒலிக்கும் ஒலி. அதாவது ‘வண்டி’ என்னும்போது நம் வாயில் பிறக்கும் டகரம்! செயப்படுபொருள் முதலிலும், பயனிலை நடுவிலும், எழுவாய் இறுதியிலும் வரும் தொடரமைப்பையும் வைத்தார். உலக மொழிகளில் மிக அரிய வரிசை அது. ஆனால் ‘பழத்தைத் தின்றது குரங்கு’ என்று ஒரு தமிழ்க் குழந்தை சொன்னால் நாம் யாரும் திடுக்கிடுவதில்லை. வேற்றுமை உருபு இருப்பதால் சொற்கள் இடம் மாறினாலும் பொருள் மாறாது என்று நமக்குத் தெரியும்.

ஆகவே ‘விந்தை ஒலி’ என்று தனியாக ஒன்று இல்லை. கேட்பவர் எந்த மொழிக்குப் பழகியவரோ அதைப் பொறுத்தே அது விந்தையாகிறது. நம் வீட்டு டகரம் அவர்களுக்கு வேற்றுலக ஒலி. இந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு கிளிக்கியை அணுகுவோம்.

கிளிக்கியின் நிறைகுறை

மதன் கார்க்கி கவிஞர் மட்டுமல்லர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். ஆஸ்திரேலியாவில் இருந்தபோது குழந்தைகளுடன் விளையாட்டாக உருவாக்கிய ஒரு சிறு மொழியே கிளிக்கியின் வித்து என்று அவர் கூறியுள்ளார். படத்துக்காக அது ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டதாக வளர்ந்தது. காலகேயர் தலைவனாக நடித்த பிரபாகரின் குரலும் முகமும் கையசைவும் அந்த மொழிக்கு உயிர் கொடுத்தன. படம் வந்த நாள்களில் தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் பந்து வீசுமுன் அந்தத் தலைவனைப் போல உறுமியதை நம்மில் பலரும் கேட்டிருப்போம். பொருள் தெரியாத மொழியொன்று குழந்தைகளின் நாவில் இப்படி ஏறியது சாதாரண வெற்றி அன்று. ஒலியளவில் கிளிக்கி தேறிவிட்டது என்பதை மனமாரச் சொல்லலாம்.

சொல்லாக்கத்தில் அவர் கையாண்ட ஒரு வழி சுவையானது. ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பொருள் கிடைக்கும். ‘மின்’ என்றால் நான். ‘நிம்’ என்றால் நீ. கற்பதற்கு எளிது, நினைவிலும் நிற்கும். கணிப்பொறியாளர் ஒருவரின் மூளையில் உதித்த விதி என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் இயற்கை மொழிகள் இவ்வாறு வளர்வதில்லை. பேச்சில் ஒலிகள் முன்னோக்கியே ஓடுகின்றன. ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்ப, அதை எழுத்துகளின் வரிசையாக மனத்தில் பார்க்கப் பழகியிருக்க வேண்டும். விகடகவி என்ற சொல்லை ரசிப்பது எழுதப் படிக்கத் தெரிந்தவரின் இன்பம். ஏட்டையும் எழுத்தையும் கையில் எடுக்காமல் வாளோடு மட்டும் திரையில் திரியும் ஒரு கூட்டத்தாரின் சொற்களில் இந்த விதி எப்படி வந்து சேர்ந்தது? படைத்தவரின் கைரேகை படைப்பின் மேல் பதிந்துவிட்ட இடம் இது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. நானும் நீயும் எதிர்ச்சொற்கள்தாமா? ‘நல்லது, கெட்டது’ போல அவை எதிர்ப்பொருள் உடையன அல்ல. பேச்சில் மாறி மாறி வரும் இரண்டு இடங்கள். இப்போது நான் என்பவன் மறு நொடியில் நீ ஆகிறான். எதிரே நிற்பவன் எல்லாம் பகைவன் என்று கருதும் படையினரின் மொழியில் ‘நீ’ என்பது ‘நான்’ என்பதன் எதிர்ச்சொல்லாக இருப்பது ஒரு வகையில் பொருத்தமே என்று வாதிடலாம். அப்படியானால் அது அருமையான அமைப்பு. ஆனால் படம் அந்த நுட்பத்தை எங்கும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. தமிழில் கேட்பவனையும் சேர்த்து ‘நாம்’ என்கிறோம். அவனை விலக்கி ‘நாங்கள்’ என்கிறோம். நட்பும் பகையும் ஒரு பெயர்ச்சொல்லின் தேர்வில் வெளிப்படும் மொழி நம்முடையது. போர்க்களத்தில் எதிரியைப் பார்த்து ஒருவன் ‘நாங்கள்’ என்பதை விட்டு ‘நாம்’ என்று சொன்னால் அந்த ஒரு சொல்லே கதையைத் திருப்பிவிடும். ஒலியை மட்டும் நம்பும் புனைமொழிக்கு இத்தகைய காட்சி வாய்ப்பதில்லை.

என் முதன்மையான குறைபாடு வேறிடத்தில் உள்ளது. படத்தில் காலகேயர் கொடியவர்கள். அதைக் காட்ட அவர்கள் உடலில் கரிய நிறம் பூசப்பட்டிருக்கிறது. பேச்சில் நாக்கைச் சொடுக்கும் ஒலி சேர்க்கப்பட்டிருக்கிறது. நிறத்தைப் பற்றிய கண்டனம் படம் வந்தபோதே எழுந்தது. ஒலியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. நாச்சொடுக்கு நமக்குப் புதியதன்று. இரக்கப்படும்போது ‘ச்சு, ச்சு’ என்கிறோம். வண்டி மாட்டை விரட்ட நாக்கைப் பக்கவாட்டில் தட்டுகிறோம். தமிழில் அவை சொல்லின் உறுப்பாக வருவதில்லை, அவ்வளவே. தென்னாப்பிரிக்காவில் அவை முழு மெய்யெழுத்துகள். ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் தாய்மொழியான ஜூலுவில் அவை உண்டு. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழியான கோசாவின் பெயரே அப்படியொரு சொடுக்கோடுதான் தொடங்குகிறது. அம்மொழிகளில் தாலாட்டும் உண்டு, நீதிமன்ற வாதமும் உண்டு. ஒரு மக்களின் தாலாட்டில் உள்ள ஒலியை எடுத்து இன்னொரு மக்களின் கொடூரத்துக்கு அடையாளமாக வைப்பது அறிவியலுக்குப் பொருந்தாத பழக்கம். இதில் கிளிக்கி தனியாக நிற்கவில்லை. கிளிங்கானுக்கும் இந்தக் குற்றத்தில் பங்குண்டு. நம் டகரம் அங்கே முரடர்களின் ஒலியாக அல்லவா ஆகிவிட்டது?

நம் கண்ணெதிரே உள்ள ஒலிகள்

விந்தையான ஒலி வேண்டுவோர் ஆப்பிரிக்காவுக்கோ வேற்றுக் கோளுக்கோ போக வேண்டியதில்லை. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் போதும்.

உதகை மேட்டுநிலத்தில் தோடர் வாழ்கின்றனர். மக்கள்தொகை இரண்டாயிரத்தைக்கூட எட்டாத சிறு சமுதாயம். தமிழில் ரகரம், றகரம் என்று இரண்டு வைத்துக்கொண்டே நாம் தடுமாறுகிறோம். தோடர் மொழியில் நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் ஆடொலிகள் மூன்று இடங்களில் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் இயல்பாகவும், யகரச் சாயல் கலந்தும் வருவதால் மொத்தம் ஆறு. ஒலியியல் அறிஞர் பீட்டர் லேடிஃபோகட்டும், பாஸ்கரராவ் உள்ளிட்ட அவருடைய குழுவினரும் இந்த ஆறையும் கருவிகளால் அளந்து 1996-இல் வெளியிட்டனர். உலக மொழிகளில் இது மிக அரிய அமைப்பு. லகரத்தைக் குரலின்றிக் காற்றை உரசவிட்டு ஒலிக்கும் ஒலியும் அங்கே உண்டு. எமனோ என்ற அமெரிக்க அறிஞர் 1930-களில் நீலகிரிக்கு வந்து தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவு செய்தார். அவருடைய தோட மொழி இலக்கணம் 1984-இல்தான் நூலாக வந்தது. கிளிங்கானுக்கு மொழி அமைக்கப்பட்டதும் அதே ஆண்டுதான் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. இல்லாத மக்களின் மொழி உலகெங்கும் பரவியது. இருக்கின்ற மக்களின் மொழி நூலக அலமாரியில் அடங்கியது.

படுகர் மொழியில் உயிரெழுத்துகளையே நாக்கை வளைத்து ஒலித்தார்கள் என்று எமனோ 1939-இல் எழுதினார். அதுவும் அரை வளைவு, முழு வளைவு என்று இரண்டு நிலைகள்! ஐந்து உயிர்கள் இவ்வாறு பதினைந்தாயின. இன்று பெரும்பாலோர் பேச்சில் அந்த வேறுபாடு மறைந்து வருகிறது. கோவைக்கு மேற்கே ஆனைகட்டி, அட்டப்பாடிப் பக்கம் பேசப்படும் இருளர் மொழியில் நாக்கின் நடுப்பகுதியில் பிறக்கும் உயிர்கள் தமிழ்ச் செவிக்குப் பிடிபடவே சில நாள் ஆகும். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் அம்மொழியைத் தனி மொழியாக ஆராய்ந்து 1973 முதல் நூல்கள் வெளியிட்டார். ஆனால் பேருந்தில் இருளப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தால், ‘என்ன பாஷையோ’ என்று நம்மவர் முகம் திருப்பிச் சிரிப்பதை இன்றும் காணலாம். திரையில் காலகேயர் பேச்சைக் கேட்டுச் சிரித்ததும் இதே சிரிப்புதான். படம் பார்த்துவிட்டு வரும் இருளச் சிறுவன் தன் தாய்மொழியைப் பள்ளியில் உரக்கப் பேசுவானா என்ற கேள்வி என்னை உறுத்துகிறது.

யார் எழுதினார்? எதன் மேல் எழுதினார்?

கிளிக்கிக்கு எழுத்தும் உண்டு. படம் வந்து பல ஆண்டுகள் கழித்து, 2020 பிப்ரவரி 21 அன்று, உலகத் தாய்மொழி நாளில், எழுத்தும் எண்களும் அகராதியுமாக அது பொதுமக்களுக்கு அளிக்கப்பட்டது. உலகின் மிக எளிய மொழி என்று அறிமுகம் செய்தார்கள். போர்க் கூட்டத்தாரின் மொழி இப்போது எல்லோருக்கும் பொதுவான நட்பு மொழியாக உருமாறியிருந்தது. இந்த மாற்றம் நல்லெண்ணத்தில் பிறந்தது, அதை வரவேற்கலாம். ஆனால் எழுத்து என்ற முறையில் அது காலகேயருக்கு உரியதன்று. கணிப்பொறித் திரைக்கு உரியது.

எழுத்தின் வடிவத்தை எழுதுபொருள் தீர்மானிக்கிறது என்பது தமிழ் மாணவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்லில் உளி நேர்க்கோடு விரும்பும். ஓலையில் எழுத்தாணி வளைவை விரும்பும். ஓலை கிழியுமென்று புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள் நம் முன்னோர். 2011-இல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் டிராகன்களுக்கு அமைத்த எழுத்து இந்த விதியை அறிந்து செய்யப்பட்டது. அதன் 34 வடிவங்களும் மூன்று நகங்களால் கீறிய கோடுகளும் ஒரு நகத்தால் குத்திய புள்ளியுமாகவே அமைந்துள்ளன. பார்த்தவுடன் எழுதிய கை தெரிகிறது. கை என்ன, கால்!

‘எளிமை’ என்பதையும் யாருக்கு எளிமை என்று கேட்டே மதிப்பிட வேண்டும். ஈரோட்டில் பெரியார் தம் இதழில் 1935-இல் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்களை மாற்றி அச்சிடத் தொடங்கினார். அச்சுக் கோப்பவருக்கு அறைகள் குறையும், குழந்தைக்கு விதிவிலக்குகள் குறையும் என்பது அதன் கணக்கு. அரசு அதை ஏற்று ஆணையிட 1978 வரை ஆயிற்று. சில எழுத்துகளை மாற்ற 43 ஆண்டுகள்! புனைமொழிக்கு அந்தத் தொல்லை இல்லை. எதிர்த்து வாதிட அதற்குப் பாட்டி, தாத்தா கிடையாது. ஆகவே எளிமையில் அது எந்தத் தாய்மொழியையும் வெல்லும். அந்த வெற்றிக்கு நாம் கைதட்ட வேண்டியதில்லை.

தமக்கென ஒரு விளையாட்டை அமைத்து, அதில் ஒரு கூட்டத்தாருக்கு எழுத்தும் பேச்சும் தர விரும்பும் மாணவர்கள் நம் பகுதியில் கற்க நிறைய உண்டு. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில், தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பானை ஓடுகளும், எழுத்தல்லாத கீறல் குறிகள் கொண்ட ஓடுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. இரும்பு உருக்கியவர்களும் மணிக்கல் பட்டை தீட்டியவர்களும் வாழ்ந்த ஊர் அது. எழுத்தும் கீறல் குறியும் ஒரே ஊரில், சில வேளை ஒரே பானையில் வந்திருப்பதை நோக்கினால், ஒரு சமுதாயம் இரண்டு குறிமுறைகளை எப்படிப் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டது என்ற கேள்வி எழும். அறிவியல் புனைகதைக்கு இதைவிட நல்ல கரு எங்கே கிடைக்கும்?

திருப்பிப் படிக்கும் விளையாட்டை விரும்புவோர் அதே ஈரோடு மாவட்டத்து அரச்சலூருக்குப் போகலாம். அங்கே நாகமலைக் குகையில் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்வெட்டு உள்ளது. த, தை, தா, தே முதலிய தாள ஒலிகள் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசையில் வெட்டப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ, மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ படித்தாலும் ஒரே ஒலிதான் வரும். எழுத்துகளை இவ்வாறு இணைத்தவன் தன் பெயரையும் அருகில் பொறித்திருக்கிறான்: தேவன் சாத்தன். காசையோ மணியையோ சோதித்து மதிப்பிடும் வண்ணக்கன் தொழில் அவனுடையது என்பதும் அந்தப் பொறிப்பிலிருந்து தெரிகிறது.